காத்திருக்கும் நேரத்தின் கணக்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்த ரயில்வே குமாஸ்தா ஒருவன் இயந்திரக் கற்றலைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் யான் எடுத்துக்கொண்ட பகுதி என் தொழிலுக்கு மிக அண்மையானது. குட்ஸ் ஷெட்டில் வேகன் வந்து நின்ற நேரத்தையும் சரக்கு இறங்கி முடிந்த நேரத்தையும் குறித்து, கெடு கடந்தால் டெமரேஜ் விதிப்பது என் அலுவல். கிராபிக்ஸ் செயலியில் எந்தச் செயலுக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று அளக்கும் 'புரொஃபைலிங்' என்பதும் அத்தகைய கணக்கேயாகும்.

நம் இளைஞர் பலர் இச்செயலியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயில்கின்றனர். அது உழைத்தாலும் வாளா இருந்தாலும் வாடகை ஏறும். வேலை மெதுவாக நடந்தால், இதனினும் பெரிய செயலி வேண்டுமென்று பெற்றோரிடம் பணம் கேட்கின்றனர். கேட்குமுன் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு.

2020-இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஏ100 செயலியை எடுத்துக்கொள்வோம். 16 பிட் எண்களைக்கொண்டு வினாடிக்கு 312 லட்சம் கோடி கணக்குகள் வரை செய்யவல்லது அது. ஆனால் அதன் 40 ஜிகாபைட் நினைவகத்திலிருந்து வினாடிக்குச் சுமார் 1.5 லட்சம் கோடி பைட்டுகளே வந்து சேரும். அஃதாவது, வரும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஏறத்தாழ 200 கணக்குகள் இருந்தாலன்றி முழு ஆற்றலும் பயன்படாது. பெரிய அணிகளைப் பெருக்கும்போது ஒருமுறை கொணர்ந்த எண் பலமுறை பயன்படுவதால் அந்நிலையை எட்டலாம். இரண்டு எண்களைக் கூட்டும் எளிய செயலிலோ, 4 பைட்டுகளைக் கொணர்ந்து, 2 பைட்டுகளைத் திருப்பி எழுதி, நடப்பது ஒரே ஒரு கணக்கு! நூறு கூலியாட்கள் நிற்க, மூட்டை ஒவ்வொன்றாக வரும் நிலை இது. அங்கே ஆட்களைப் பெருக்கி என்ன பயன்? 2022-இல் வந்த 'ஃபிளாஷ் அட்டென்ஷன்' முறை, கணக்குகளைக் குறைத்து அன்று, நினைவகப் போக்குவரத்தைக் குறைத்தே விரைவை ஈட்டியது.

அளப்பதிலும் ஏமாற இடமுண்டு. மையச் செயலி ஆணையை வரிசையில் இட்டுவிட்டு, அது நிறைவேறும்வரை காத்திராமல் அப்பாற் செல்லும். அக்கணமே கடிகாரத்தைப் பார்ப்பது, மேஸ்திரியிடம் சீட்டைக் கொடுத்த நேரத்தையே சரக்கு இறங்கிய நேரமாகப் பதிவேட்டில் எழுதுவதை ஒக்கும். 'சிங்க்ரனைஸ்' கட்டளையிட்டு, வேலை முடிந்த பின்னரே நேரம் குறித்தல் வேண்டும். முதற் சில ஓட்டங்கள் தாமதமாவது இயல்பு, அவற்றைத் தள்ளிவிடுக.

'என்விடியா எஸ்.எம்.ஐ.' காட்டும் நூறு விழுக்காட்டையும் நம்பி மகிழ வேண்டா. அளந்த காலம் முழுதும் ஏதேனும் ஒரு செயலாவது ஓடிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். ஏ100-இல் உள்ள 108 கணிப்புக் கூறுகளுள் ஒன்று மட்டும் உழைத்து ஏனைய 107 உறங்கினும் அவ்வெண் நூறாகவே நிற்கக்கூடும்.

ஆகவே, பைடார்ச் புரொஃபைலரையோ என்சைட் சிஸ்டம்ஸையோ ஓடவிட்டு, அது வரைந்து தரும் காலக்கோட்டைப் பாருங்கள். செயல்களுக்கிடையே நீண்ட வெற்றிடம் தெரிந்தால், குறை பெரும்பாலும் தரவை வட்டிலிருந்து படித்து அனுப்பும் பகுதியில் இருக்கும். அதைச் சீர்செய்யக் காசு வேண்டியதில்லை. சிறு சிறு கூட்டல்களே நெருங்கி நின்றால் அவற்றை ஒன்றாகப் பிணைக்கலாம்; பைடார்ச்சின் 'கம்பைல்' வசதி அதனை ஓரளவு தானே செய்துவிடும். பெருக்கலே பெரும்பொழுதைக் கொண்டு, அதுவும் செயலியின் எல்லையை அணுகி நின்றால், அப்போது பெற்றோரிடம் பணம் கேட்கலாம். காலக்கோட்டைக் காட்டு என்று பெற்றோரும் கேட்கலாம்.