முப்பதுக்கு நாற்பது

(ஓசூரில் வீட்டுமனை வாங்கியிருக்கும் தோழர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பத்திப் பேசுவான்னு நெனச்சு வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். இன்னைக்கு வீடுதான் பேச்சு. வங்கியில் எழுத்தர் வேலை எனக்கு. வீட்டுக்கடன் மனுவோடு ஒரு வரைபடம் இணைத்திருப்பார்கள். அப்படி நூற்றுக்கணக்கில் பார்த்தாச்சு. சிப்காட்டில் ஷிப்ட் பார்த்து, பி.எஃப். பணத்தையும் பொண்டாட்டி நகையையும் போட்டு, முப்பதுக்கு நாற்பதில் ஒரு சைட் வாங்கிய நம்ம ஆளுங்களோட வரைபடங்களும் அதில் உண்டு. பேர் மாறுது, சர்வே எண் மாறுது, வீடு மாறல. வடகிழக்கில் பூஜை அறை, தென்கிழக்கில் அடுப்பு, தென்மேற்கில் பெரிய படுக்கையறை. கேட்டா, "மேஸ்திரி போட்டுக் குடுத்தார் சார்."

மேஸ்திரிக்கு யார் போட்டுக் குடுத்தது?

ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் வீட்டின் அகலத்துக்குக் கணக்கு இருக்கிறது. பார்ப்பனருக்கு 32 முழத்தில் தொடங்கும். சத்திரியருக்கு 28, வைசியருக்கு 24, சூத்திரருக்கு 20 என்று நாலு நாலாக இறங்கும். 16க்கும் கீழே போனால் அது 'மிகவும் தாழ்ந்தவர்'களுக்கு. முழக்கோலிலேயே சாதியை வெட்டி வச்சிருக்கான். மயமதம் மண்ணின் நிறத்தையும் பிரிக்கிறது: வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நாலு வருணத்துக்கு நாலு நிறம். அய்ந்தாவது நிறம் கிடையாது, ஏன்னா நமக்கு மண்ணே கிடையாது. இந்தச் சாஸ்திரத்தை நம்பி, கட்டி முடிச்ச கழிவறையை இடிச்சு இடம் மாத்தறதுக்கு மேல்கடன் கேட்டு வர்றாங்க நம்ம ஆளுங்க. வட்டி மட்டும் எல்லா மூலைக்கும் ஒண்ணுதான்.

சாஸ்திரம் ஒரு பக்கம்னா, அரசு இன்னொரு பக்கம். இந்திரா நினைவுக் குடியிருப்பில் 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. 2016இல் பெயர் மாறி பிரதமர் வீட்டுத் திட்டம் ஆனபோது 25 சதுர மீட்டர். 2011இல் தமிழ்நாட்டின் பசுமை வீடு 300 சதுர அடி. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் 360. பதினஞ்சு இருவது வருசத்துக்கு ஒருக்கா நமக்குக் கொஞ்சம் இடம் விடுறாங்க. வேண்டாம்னு சொல்லல. ஓலைக்குள் கிடந்தவனுக்குக் கான்கிரீட் பெரிசு. ஆனால் பசுமை வீட்டுக்கு வரைபடமும் அரசே கொடுத்தது: கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் எங்கே படுப்பது? அதுக்குக் கோடு இல்லை. இந்தூரில் அரண்யா குடியிருப்பைத் திட்டமிட்ட பி.வி. தோஷி, 1980களில், ஏழைகளுக்கு ஒரு கழிவறையும் குளியலறையும் ஒரு அறையும் கொடுத்து, மீதியை அந்தந்தக் குடும்பம் தன் வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டார். வீடு வளரும்னு தெரிஞ்சவர். நம்ம காலனியிலயும் வளருதுதான், தகரத்தை இழுத்துக் கட்டி. அதுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. நிபந்தனைப் பட்டாவை அடமானம் வாங்கவே மேலாளர்கள் தயங்குகிறார்கள்.

இந்த 'தீப்பிடிக்காத வீடு' என்கிற சொல்லையும் கவனிங்க. தாட்கோ 1974இல் தொடங்கியபோது அதன் முதல் வேலை ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவது. வேற யாருக்காவது அரசாங்கம் அந்தப் பேரில் வீடு கட்டியிருக்கா? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்தார்கள். சரி, ஓலை எரிந்தது என்பார்கள். நம்ம பக்கத்து மாவட்டத்துக்கு வாங்க. 2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடினார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் பல. கான்கிரீட் விழவில்லை. உள்ளே இருந்த பீரோ, வண்டி, நகை, பிள்ளைகளின் சான்றிதழ் போச்சு. ஓலையில் இருந்தவரைக்கும் பரிதாபம், மாடி வச்சா கோபம்.

அதனால வரைபடத்தில் முதல்ல ஒரு பின்வாசல் போடுங்க. சைட்டில் ரெண்டடி போகட்டும். பத்திரத்தின் நகலையும் சான்றிதழ் நகலையும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்க. பட்டா வீட்டுப் பெண் பேரிலும் இருக்கட்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொரு வீட்டைப் பத்தி. 1917இல் பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுசன் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதர் இந்து காலனியில் சொந்த வீடு கட்டுகிறார். ராஜகிருகம். 1933இல் முடிந்தது. நூலகத்தை மனதில் வைத்தே அதைத் திட்டமிட்டார்: குடும்பம் கீழே, புத்தகமும் எழுதும் இடமும் மேலே. அய்ம்பதாயிரம் நூல் என்பார்கள். கூடவே கட்டிய சார் மினார் என்ற கட்டடத்தைப் பின்னாளில் விற்றார். அந்தப் பணம் புத்தகத்துக்கும் கடனுக்கும் போனது. ஆளுக்கு அய்ம்பதாயிரம் நூல் வாங்கச் சொல்லல. அவர் எந்த மூலையையும் கேட்கல, தன் வேலை என்னன்னு கேட்டுக்கிட்டு வீட்டைப் போட்டார். அந்த வீட்டின் மீதும் 2020 சூலையில் கல்லெறிந்தார்கள், பூந்தொட்டிகளை உடைத்தார்கள். அது வேற கதை.

நம்ம வேலை என்ன? லேலண்டு, டிவிஎஸ், டைட்டன், அதுங்களுக்கு உதிரி பாகம் செய்யற சின்னப் பட்டறைகள். நைட் ஷிப்ட் முடிச்சு காலைல வந்து படுக்கிறவனுக்கு இருட்டான அறை வேணும். மிக்ஸி சத்தமும் டிவி சத்தமும் எட்டாத இடத்தில், மேற்கு வெயில் படாத சுவரில். 'பெரிய படுக்கையறை தென்மேற்கில்' என்கிற சாஸ்திரம் பகலில் தூங்குகிறவனுக்கு எழுதியதல்ல. பெண் பிள்ளை படிக்க ஒரு மேசை, அதுக்கு ஒரு சன்னல், அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். கிராமத்திலிருந்து அம்மா கேழ்வரகு மூட்டையோடு வருவாங்க. மேடை அடுப்பில் நின்னுகிட்டு களி கிண்டச் சொன்னா முடியாது, துடுப்பைப் பிடிச்சு உட்காரத் தாழ்வா ஒரு அடுப்படி வேணும். கழிவறை அவங்க படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

சமையலறைச் சன்னல். இதைத் தயங்கித்தான் சொல்றேன். கலப்பாக எல்லாரும் இருக்கிற லேஅவுட்டில் சைட் வாங்கியவர்கள் பொறியாளரிடம் காதோடு சொல்வது: "சார், சன்னலைப் பின்பக்கம் வச்சிடுங்க." மாட்டுக்கறி வேகிற வாசம் தெருவுக்குப் போயிடக்கூடாதாம். நாப்பது லட்சம் கடன் வாங்கி, இருபது வருசம் தவணை கட்டி, சொந்த வீட்டில் ஒளிச்சுத் திங்கணுமா? சன்னலைத் தெருப்பக்கமே வையுங்க. காத்து வர்ற பக்கம் அதுவாயிருந்தா இன்னும் நல்லது.

பூஜை அறைக்கு ஒதுக்கிய ஆறுக்கு நாலில் ஒரு அலமாரியும் நாற்காலியும் தாராளமா நிக்கும். பொண்டாட்டி ஒத்துக்கலைன்னா சண்டை போடாதீங்க, பாதியாப் பிரிச்சுக்கங்க.

கடைசியா மாடி. தவணை கட்ட எல்லாரும் மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடத்தான் போறோம். படியை வெளிப்பக்கம் வையுங்க, தண்ணிக்குத் தனித் தொட்டி, தனி மின் மீட்டர். ஓசூரில் வாடகை வீடு தேடி நாம அலைஞ்சப்போ தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணு மொழியிலும் ஒரே கேள்வி கேட்டாங்க: நீங்க எந்த ஆளுங்க? நாளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருத்தன் உங்க படியேறி வருவான். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவுன்னு சொல்லுங்க. சாவியக் குடுங்க.