சாட்சியின் பெயரை யார் சொல்வது?

(மந்தைவெளியில் நடந்த சட்ட மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



கிரீன்வேஸ் சாலை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்தேன். அந்தப் பகுதியைக் கவனித்திருக்கிறீர்களா? அமைச்சர்களும் நீதிபதிகளும் குடியிருக்கிற பங்களாக்கள், மாநில மனித உரிமை ஆணையம், நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற அகாடமி, அம்பேத்கர் பெயரில் சட்டப் பல்கலைக்கழகம், அம்பேத்கர் மணிமண்டபம். எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆற்றைத் தாண்டினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். நீதி பற்றிய அறிவு இவ்வளவு நெருக்கமாகக் குவிந்துகிடக்கிற இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருக்காது. ஆனால் ஒரு சேரியிலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வருகிற பிள்ளைக்கு, வன்கொடுமை வழக்கு ஒன்று எப்படி நடக்கும் என்று தமிழில் முதலிலிருந்து கடைசிவரை சொல்லித்தர ஒரு இடம் உண்டா?

ஜெய் பீம் படம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். எல்லோருமே. சரி, அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்தவர்கள்? பார்த்தீர்களா, ஒரு கைகூட இல்லை. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர். இந்த வித்தியாசம்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. குறை உங்களுடையது அல்ல. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, படம் தமிழில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இணையத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2008 முதல் இந்தியன் கானூன் இருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டது. சில தீர்ப்புகள் தமிழிலும் வந்திருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் வழக்கு முடிந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன. நமக்கு வழக்கு தொடங்குவது தீர்ப்பில் இல்லை. இரவு பதினோரு மணிக்குக் காவல் நிலையத்தில் எழுத்தர் 'காலையில வா' என்று சொல்கிறானே, அங்கே தொடங்குகிறது. அந்த இடத்தில் மாணவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.க்குக் கீழே இருக்கக் கூடாது என்பது 1995 விதிகளில் ஏழாவது. அறுபது நாளில் குற்றப்பத்திரிகை. நிவாரணத் தொகை தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை, படிப்படியாக வந்தாக வேண்டும். இதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரே மாறிப்போனது. முதல் தகவல் அறிக்கைக்கு 154 என்று மனப்பாடம் செய்தோம், இப்போது 173. கொலைக்கு 302 என்பது சினிமா வசனமாகவே ஆகிவிட்டது, இப்போது 103. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். ஆகவே இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பெயர்களை வாயில் நுழைக்கவே தனி வகுப்பு வேண்டும், அது வேறு விஷயம்.

சரி, நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஒரு தளம் தொடங்கினோம். தி.நகரில் ஒரு தோழருடைய அறை, கடன் வாங்கிய கம்ப்யூட்டர். மாணவர்கள் உண்மையான ஆவணங்களைப் பார்த்துப் படிக்கட்டும் என்று ஒரு வழக்கின் முதல் தகவல் அறிக்கையை அப்படியே ஏற்றினோம். ஒளிவுமறைவு இல்லாத அறிவு என்று எங்களுக்குப் பெருமை வேறு. பத்து நாளில் ஊரிலிருந்து போன். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஊர்த் தெரு பையன்கள் செல்போனில் சுற்றவிட்டிருக்கிறார்கள். சாட்சி சொன்ன அம்மாவின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. அந்த அம்மா வேலைக்குப் போகிற காட்டில் மறுநாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தை எடுத்துவிட்டோம். செல்போனுக்குப் போனதை எப்படி எடுப்பது?

அது எப்படியும் பொது ஆவணம்தானே என்று அன்றைக்கு எங்களில் ஒருவர் வாதாடினார். உண்மைதான். முதல் தகவல் அறிக்கையை இருபத்து நாலு மணி நேரத்தில் காவல்துறை இணையத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வன்கொடுமைச் சட்டத்தை அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. காவல் நிலைய அலைச்சல் இல்லாமல் நகல் கிடைக்கிறதே என்று வரவேற்ற தீர்ப்புதான் அது. குற்றம் சாட்டப்பட்டவனும் நம் ஆளாக இருக்கலாம், அவனுக்கும் அது பாதுகாப்பு. ஆனால் அதே கதவு வழியாக ஊர்த் தெருவும் உள்ளே வருகிறது.

அதற்குப் பிறகுதான் 15ஏ பிரிவை ஒழுங்காகப் படித்தேன். வன்கொடுமைச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த பிரிவு. அதன் எட்டாவது உட்பிரிவில், தீர்ப்பிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களிலும் சாட்சியின் பெயர், முகவரியை மறைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று இருக்கிறது. உத்தரவு கேட்டு மனுப்போட எத்தனை வழக்கறிஞருக்குத் தோன்றியிருக்கும்? உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் கட்டுகிற தளத்துக்கு அதுதான் விதி என்று வைத்துக்கொள்வோம்.

கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குப் பாடம் நடத்த அதைவிடப் பொருத்தமான வழக்கு இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து அழைத்துப்போனார்கள், உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. முக்கிய சாட்சி பிறழ் சாட்சி ஆனார். கோயிலின் கேமரா பதிவு நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் இருவர் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 ஜூனில் தீர்ப்புச் சொன்னார்கள். மின்னணுச் சாட்சியம், வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவது, பிறழ் சாட்சி, சிறப்பு அரசு வழக்கறிஞர் நியமனம் எல்லாம் இந்த ஒரே வழக்கில் இருக்கிறது. பிறழ்ந்த அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமலே இதை முழுதாகச் சொல்லிக்கொடுக்கலாம். இப்போது நான் சொல்லவில்லையே, உங்களுக்கு ஏதாவது புரியாமல் போனதா?

அதே சமயம் கோகுல்ராஜின் தாய் சித்ரா தன் பெயரோடும் முகத்தோடும் நின்றார். அவர் பெயரைப் 'பாதுகாப்பு' என்று சொல்லி அழித்தால் அது வேறு ஒரு அநியாயம். கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரை எண்ணிக்கையாக மட்டும் வைத்திருக்க விரும்பியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பெயர் நம் ஆயுதம். அதனால்தான் சிக்கல். ஆகவே பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த அறையில் உட்கார்ந்து நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. ஊருக்குப் போய், உரியவரிடம் கேட்டு, நாளைக்கு அவர் மனம் மாறினால் மறுநாளே எடுத்துவிடுகிற மாதிரி தளத்தைக் கட்ட வேண்டும். சர்வர், டிசைன் இதெல்லாம் அப்புறம். அதற்கு ஆள் கிடைப்பார்கள்.

இப்போதைக்கு 15ஏ பிரிவின் பன்னிரண்டு வரிகளை, வேலைக்குப் போய்விட்டு வருகிற அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் புரிகிற தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறேன். மூன்று இடத்தில் தடுக்குகிறது. நகல் கொண்டுவந்திருக்கிறேன், இங்கே மேசைமேல் இருக்கிறது. தேநீர் குடிக்கும்போது எடுத்துப் பாருங்கள், பேனாவால் திருத்துங்கள்.