சேத்துப்பட்டில் எதை மிச்சம் பிடித்தார்கள்?

இன்றுமுதல் உரிமையோடு ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளப்போகும் இளைஞர்களே,

உங்களில் பாதிப் பேர் மனதுக்குள் முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் ஒரே ஓர் ஆய்வைச் சுற்றித்தான் பேசப்போகிறேன். தேர்வில் வந்தாலும் வரலாம்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. அன்றைக்கு டிபி என்றாலே சானடோரியம்தான். காற்றோட்டமான வார்டு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்; கட்டில்கள் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நோயைக் குணமாக்கும் மருந்து வந்துவிட்டது, படுக்கவைக்க இடம்தான் இல்லை.

அந்த மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. மற்றது வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறையில் படுத்தார்கள், அரைகுறையாகச் சாப்பிட்டார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டுப் பிரிவு பெரிதாகப் பின்தங்கவில்லை. கூட வசித்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. பிறகு உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

‘செலவு குறைந்தது, தரம் குறையவில்லை’ என்று பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் முடித்துவிடும். அந்த வரியில் விட்டுப்போனதுதான் எனக்கு முக்கியம். அந்த மையம் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். உண்மையிலேயே விழுங்கினாரா என்று பார்க்கச் சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கட்டிலில் மிச்சமானதில் ஒரு பங்கு ஆள் நடைக்குப் போயிற்று. அந்த நடையையும் சேர்த்து மிச்சம் பிடித்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது என்பதே என் கணிப்பு.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்ற இந்தக் கணக்கைத்தான் இன்று இரண்டு பக்கமும் தப்பாகப் போடுகிறோம்.

ஒரு பக்கம், தீபாவளித் தள்ளுபடியில் விற்கும் மாஸ்டர் செக்கப். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டுமே உள்ள ஒரு நோய். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் செய்து பாருங்கள்: நோயுள்ள பத்துப் பேரில் ஒருவரையும் தவறவிடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்றுமே இல்லாத சுமார் ஐம்பது பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று வரும். அந்த ஐம்பது பேரும் அடுத்து ஸ்கேனுக்குப் போவார்கள், சிலர் பயாப்சிக்கும். கேள்வி இல்லாமல் எழுதிய சோதனை காசை மட்டும் தின்பதில்லை.

மறுபக்கம், மலிவு என்பதற்காகவே பிடித்துக்கொண்டிருப்பது. டிபிக்கு மைக்ராஸ்கோப்பில் சளி பார்ப்பது சல்லிசு. ஆனால் கிருமி குறைவாக இருந்தால் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். குழந்தைகளில் பெரும்பாலும் தப்பிவிடும். மருந்து கேட்காத கிருமியா என்றும் அதற்குச் சொல்லத் தெரியாது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்கிறது. விலை அதிகம்தான். கேட்காத மருந்தை ஒருவர் மாதக்கணக்கில் விழுங்கி, அதற்குள் வீட்டில் நாலு பேருக்குப் பரப்பினால் அதற்கு யார் பில் போடுவது? இங்கே விலை கூடின சோதனைக்குத்தான் என் ஓட்டு.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நீங்கள் பயிற்சி மருத்துவர்களாகப் பார்த்திருப்பீர்கள். டிபி என்று உறுதியானவுடன் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிகவும் மெலிந்தவர், மூச்சு வாங்குபவர், நிற்க முடியாதவர் ஆகியோரை மேற்கொண்டு பரிசோதித்து உடனே வார்டில் சேர்க்கிறார்கள். 1959-ல் எல்லோருக்கும் தேவையில்லை என்று தெரிந்த கட்டில், யாருக்குத் தேவையோ அவருக்குப் போகிறது. இதற்கு எடை மெஷின், ஸ்கேல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கடிகாரம் போதும்.

கடிகாரம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். ஏனென்று எனக்கும் தெரியும். நம் வார்டுகளில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லோருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 18 என்றே எழுதியிருக்கும். மேற்சொன்ன திட்டத்தில் 24-ஐத் தாண்டினால் அது ஆபத்து. எண்ணாமல் 18 என்று எழுதினால் அந்த நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். நாளைக்கு டூட்டிக்குப் போனதும் ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதுங்கள்.