குற்றம் தமிழில் இல்லை!



கணினியில் தமிழெழுதப் புகும் நம் இளைஞர் பலர் ஒரு சிறு சிக்கலிலேயே தளர்ந்துவிடுகின்றனர். கட்டுப்பாட்டு விசையோடு 'சி' விசையை அழுத்தினால் படியெடுக்க வேண்டிய கணினி வாளா கிடக்கின்றது. உடனே, "தமிழ் இதற்கு ஒத்துவராது" என்று ஆங்கிலப் பலகைக்கே ஓடிவிடுகின்றனர். என்னே மடமை!

கரணியத்தை ஆய்ந்து பாருங்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 பலகையில் அவ்விசை தருவது 'ஒ' என்னும் எழுத்து. குறுக்குவிசைக் கட்டளை தேடுவதோ 'சி' என்னும் எழுத்து. தமிழ்ப் பலகை மட்டுமே இருப்பின், தேடியது கிடைக்குமா?

எக்சுஎஃப்சிஇ என்னும் கட்டற்ற பணிமேடையில், அமைப்புகளுள் விசைப்பலகைப் பகுதிக்குச் செல்லுங்கள். ஆங்கிலப் பலகையையும் சேர்த்து, அதனை முதலில் வையுங்கள். சில நிரல்கள் முதற்பலகையையே நோக்கும். ஆங்கிலத்திற்கு முதலிடமா எனச் சினவாதீர்! அது தலைமையன்று, பிறர் விட்ட ஓட்டைக்கு நாம் இடும் ஒட்டு. பின்னும் செயற்படாவிடின், அவ்விசைக்கூட்டு வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டுள்ளதா எனக் குறுக்குவிசைப் பட்டியலில் பாருங்கள்.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் திறந்தே கிடக்கின்றது. எந்நிரலில், எவ்விசையில் பழுது என ஆக்குநர்க்கு எழுதுங்கள். நிரல் கற்றோர் தாமே திருத்துங்கள். பழுது நீங்கட்டும், தமிழ் நீங்க வேண்டா!