தடுப்பு மருந்தும் அதன் உபாதைகளும்

தலைவலிகளுள் மிகக் கொடியது எது என்று வைத்தியர்களைக் கேட்டால், அவர்களுள் பலர் தயங்காமல் சொல்லும் பெயர் கொத்துத் தலைவலி. ஒரு பக்கத்துக் கண்ணையும் நெற்றிப் பொட்டையும் பற்றிக்கொண்டு, கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை வாட்டி, அந்தக் கண்ணைச் சிவக்கச்செய்து நீர் பெருகவைத்து, நோயாளியைப் படுக்கவும் விடாமல் உட்காரவும் விடாமல் அறைக்குள் உலவவைக்கும் இந்த வேதனை, சிலருக்கு ஒரே நாளில் எட்டுத் தரம்கூட, பெரும்பாலும் இரவில் உறக்கத்தைக் கலைத்துக்கொண்டு, வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ தொடர்ந்து வந்து, பிறகு வந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடுகிறது. 1939-இல் அமெரிக்க வைத்தியர் பேயர்ட் ஹார்ட்டன் இதை விரிவாக வர்ணித்தமையால், அவர் பெயராலும் இது நெடுநாள் வழங்கிவந்தது.

வந்த வலியைத் தணிக்கப் பிராணவாயுவும் சுமத்திரிப்டான் ஊசியும் உண்டு. வராமல் தடுக்கும் பொருட்டு வைத்தியர்கள் முதலில் நாடுவது வெராபமில் என்ற மாத்திரை. இருதய நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பழகிப்போன மருந்துதான் இது. ஆனால் இந்தத் தலைவலிக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கி, சிலருக்கு 960 வரையிலும் படிப்படியாக ஏற்ற வேண்டியிருப்பதால், உபாதைகளும் அதற்குத் தக்கபடி ஏறுகின்றன.

முதலில் வருவது மலச்சிக்கல். குடலின் தசைகள் இயங்குவதற்குச் சுண்ணச் சத்து உயிரணுக்களுக்குள் புகவேண்டும். அந்த வாசலையே இம்மருந்து ஓரளவு அடைப்பதால் குடல் மந்தப்பட்டுவிடுகிறது. கீரையும் கொய்யாவும் போதிய நீரும், வைத்தியர் சம்மதித்தால் ஆரம்ப நாளிலிருந்தே இசப்கோலும் கொண்டால், பெரும்பாலோருக்கு இது சமாளிக்கக்கூடிய சங்கடமே. இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, மருந்தையே தாமாக நிறுத்திவிட்டு, மறுபடியும் அந்த வலியின் வாயில் விழுகிறார்களே, அவர்களை நினைக்கையில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டாகிறது. மாலையில் கணுக்கால் வீங்கிக் காலுறையின் விளிம்பு தடமாகப் பதிவதையும், பல் துலக்கும்போது ஈறு தடித்து இரத்தம் கசிவதையும்கூட அற்பமென்று ஒதுக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் தம்மைத் தாமே தெரிவித்துக்கொள்பவை. நான் அதிகம் அஞ்சுவது, நோயாளி அறியாமலே நேரக்கூடிய இருதயத் தாமதத்தைத்தான். இருதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் வேகத்தை வெராபமில் குறைக்கிறது. இ.சி.ஜி. தாளை உற்று நோக்கினால், முதலில் ஒரு சிறு மேடும், அதனை அடுத்துக் கூரிய சிகரமும் தெரியும். மேடு தொடங்கும் இடத்துக்கும் சிகரம் தொடங்கும் இடத்துக்கும் இடையே ஐந்து சிறு கட்டங்களுக்கு மேல் போயிற்றென்றால், துடிப்பு வழியில் தாமதிக்கிறது என்று அர்த்தம். ஆகையால் மருந்தைத் தொடங்குமுன் ஒரு தரமும், அளவை ஏற்றிய பின் ஒவ்வொரு தரமும் இந்தப் பரிசோதனை அவசியம். அளவு மாறாமல் பல மாதம் சௌக்கியமாக இருந்தவருக்கும் பின்னால் இத்தாமதம் தோன்றக்கூடுமாதலால், நெடுநாள் சாப்பிடுவோர் ஆறு மாதத்துக்கொரு முறையேனும் எடுத்துப் பார்ப்பது உசிதம். தலை கிறுகிறுத்து மயக்கம் வந்தாலோ, நாடி மிக மெதுவாக ஓடினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிற மருந்துகளின் சேர்க்கையும் கவனிக்கத் தக்கது. சளிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும், கிரேப்ஃப்ரூட் பழச்சாறும், வெராபமிலை இரத்தத்தில் அதிகமாகத் தேங்கச்செய்யும். இரத்தக் கொதிப்புக்கு அட்டினலால் போன்றவற்றை உட்கொள்பவர் இதையும் சேர்த்து உட்கொண்டால் இருதயம் அபாயகரமாக மந்தப்படலாம். வெராபமில் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சில சமயம் லித்தியம் தரப்படுகிறது; அதற்கு இரத்தத்தில் மருந்தின் அளவையும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் காலந்தோறும் சோதிக்கவேண்டும். கடும் வியர்வையோ பேதியோ கண்டு உடலில் நீர் வற்றும்போதும், மூட்டுவலிக்கென்று கடையில் தாமே ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்கும்போதும், லித்தியம் விஷ அளவுக்கு ஏறிவிடக்கூடும். ஆதலால் பல் வைத்தியரிடம் போனாலும் சரி, மருந்துக் கடைக்குப் போனாலும் சரி, உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிய சீட்டொன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

வலியின் பருவம் கழிந்து, சில வாரங்கள் நிம்மதியாகச் சென்றபின், வைத்தியர் அளவைச் சிறுகச் சிறுகக் குறைப்பார். குறைக்கும்போது வலி மீண்டும் தலைகாட்டினால், எந்த அளவில் அது அடங்கியிருந்ததோ அந்த அளவுக்கே அவர் திரும்பச் செல்வார். அதற்கு உதவியாக, வலி வந்த நாளையும் நேரத்தையும் அன்று உட்கொண்ட அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.