ஒரே ஒரு ரெக்கார்ட்: அட்டாமிக் ஃபாரஸ்ட்டும் அப்பாவோட கேசட்டும்

இன்னைக்கு நான் ஸ்டுடியோவில இருந்து பேசல. ஏற்காட்டில, எங்க வீட்டு வராந்தாவில உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி தூறல் சத்தம் கேட்கும், பக்கத்து எஸ்டேட் நாய் ரெண்டு தடவை குரைக்கும். ரெண்டையும் எடிட்ல எடுக்கப் போறதில்ல.

சேலத்தில இருந்து மேல வந்திருந்தீங்கன்னா, அடிவாரத்துக்கு முன்னாடியே ரோட்டோரம் ஒரு பழைய அலங்கார வளைவைப் பார்த்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில். டி.ஆர். சுந்தரம் 1930களில் ஆரம்பித்த ஸ்டுடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கலர் படமும் அவங்க எடுத்ததுதான். இப்போ அந்த இடத்தில வளைவு மட்டும் நிக்குது. ஆனா அலிபாபா படத்தை நீங்க இன்னைக்கு ராத்திரி போன்ல பார்க்கலாம். இடம் போச்சு, பதிவு இருக்கு.

இன்னைக்குக் கதை ஒரு ராக் பேண்டைப் பத்தினது. அவங்களைப் பத்தி நமக்குத் தெரிய ஒரே காரணம், அவங்க ஒரே ஒரு ஆல்பம் விட்டுட்டுப் போனதுதான்.

பேண்ட் பேரு அட்டாமிக் ஃபாரஸ்ட். தமிழ்ல சொன்னா அணுக்காடு. ஏற்காட்டுக்காரனுக்கு அந்தப் பேரு பிடிக்காம போகுமா? 1970களில் பம்பாய்ல வாசிச்ச பேண்ட். ஆரம்பிச்சவர் பாஸ் கிட்டார் வாசிச்ச கீத் காங்கா. பாடினவர் மதுகர் சந்திர தாஸ். 1974இல் அலிக் பதம்சி பம்பாயில் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ராக் நாடகத்தை மேடையேற்றியபோது, இயேசுவாக நடித்துப் பாடியவர் இவர்தான். யூதாஸாக வந்தவர் நந்து பெண்டே.

அவங்களோட ஒரே ஆல்பம் 'அப்செஷன் 77'. பேர்ல 77 இருக்கு, கடைக்கு வந்தது 1981இல். அப்போ பேண்டே கலைஞ்சு போயிருந்தது. ரெக்கார்டை மேடையில வாசிச்சுக் காட்ட ஆள் இல்ல. அப்புறம் என்ன ஆகும்? சத்தமில்லாம காணாமப் போச்சு. வெளிநாட்டு ரெக்கார்ட் சேகரிப்பாளர்கள்தான் ரொம்ப வருஷம் கழிச்சு அதைத் தேட ஆரம்பிச்சாங்க. 2011இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள நவ்-அகெய்ன் என்ற நிறுவனம் மறுபடி வெளியிட்டது. நான் கேட்டதும் அப்படித்தான், அதுவும் ஆபீஸ் பஸ்ஸில.

இங்க ஒரு நேர்மையான விஷயம் சொல்லிடணும். 'ப்ரோக் ராக் எபிசோட்னு சொல்லிட்டு இவங்களை ஏண்டா எடுத்தே'ன்னு சிலர் சண்டைக்கு வருவீங்க. ப்ரோக்னா என்ன? 1969இல் கிங் கிரிம்சன் முதல் ஆல்பம், 1972இல் யெஸ் பேண்ட் எல்பி-யின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாகப் போட்டது, அந்த வகை. மூணு நிமிஷத்தில முடியணும்ங்கிற விதியை உடைக்கிறது. அட்டாமிக் ஃபாரஸ்ட் அந்தப் பெட்டிக்குள்ள முழுசா உட்காரமாட்டாங்க. கரகரன்னு ஃபஸ் கிட்டார், இடுப்பை ஆட்ட வைக்கிற ஃபங்க் தாளம், மத்தவங்க பாட்டு கொஞ்சம், சொந்தப் பாட்டு கொஞ்சம். ஆனா 70களோட இந்திய ராக்ல, ஒரு பேண்ட் முழு எல்பி போட்டதே அபூர்வம். அதனால வகை பார்க்காம இவங்ககிட்ட வந்தேன்.

ஏன் அபூர்வம்? வாசிக்க ஆள் இல்லாமலா? நிறைய பேர் இருந்தாங்க. ஒரு சிகரெட் பிராண்ட் பேர்ல 'சிம்லா பீட்'னு அகில இந்தியப் போட்டி நடந்தது. 1970, 1971 ரெண்டு வருஷமும் போட்டியில வந்த பேண்டுகளைத் தொகுத்து ஒவ்வொரு எல்பி வந்தது. பல பேண்டுகளுக்கு அதுல ஒரு பாட்டு, ரெண்டு பாட்டுதான் மொத்த வாழ்க்கையே. ரெக்கார்ட் கம்பெனிக்குச் சோறு போட்டது சினிமாப் பாட்டு. இங்கிலீஷ்ல பாடுற நாலு பசங்களுக்கு ஸ்டுடியோ நேரம், எல்பி அச்சடிக்கிற செலவு, இதெல்லாம் யார் கொடுப்பா? ஹோட்டல்லயும் கிளப்லயும் வாசிச்சா காசு. அங்க வர்றவங்க கேட்டது ரேடியோவில வந்த வெளிநாட்டு ஹிட்டுகளை. சொந்தப் பாட்டு ராத்திரி கடைசியில, பாதி பேர் கிளம்பின பிறகு.

நம்ம ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் சொல்றேன். ஹியூமன் பாண்டேஜ். அந்தக் காலத்தில பெரிய பேர் வாங்கின பேண்ட். டிரம்ஸ் வாசிச்ச ரமேஷ் ஷோத்தம் சென்னையில பிறந்தவர். பின்னாடி தவிலும் கடமும் கத்துக்கிட்டு, ஜெர்மனி போய், ஜாஸ்காரங்களோட உலகம் சுத்தினார். அதுல பாடின ராதா தாமஸ் பின்னாடி பெங்களூர்ல ஜாஸ் பாடகியா பேர் எடுத்தார். இவ்வளவு பேர் சேர்ந்த பேண்டுக்கு ஒரு எல்பி கூட வரல. 'அவங்க மேடையில எப்படி இருந்தாங்க தெரியுமா'ன்னு நேர்ல பார்த்த பெரியவங்க சொன்னா, தலையாட்டறதைத் தவிர நமக்கு வழியில்ல. அட்டாமிக் ஃபாரஸ்ட்டை நான் பஸ்ஸில கேட்கலாம், பிடிக்கலைன்னு கூடச் சொல்லலாம். அந்த உரிமையே ஒரு ரெக்கார்ட் இருக்கிறதாலதான் கிடைக்குது.

சரி, இதைச் சொல்ல ஏற்காடு வரைக்கும் ஏன் வந்தேன்?

எங்க அப்பா இங்க ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதினார். அதுக்கு முன்னாடி, கல்யாணத்துக்கு முன்னாடி, பாஸ் கிட்டார் வாசிச்சார். நாலு பேர் பேண்ட். சேலத்தில ஒரு ரேடியோ மெக்கானிக் செஞ்சு கொடுத்த ஆம்ப்ளிஃபையர். கிறிஸ்துமஸ், புதுவருஷம்னா மேல பங்களாக்கள்ல டான்ஸ் இருக்கும், அங்க வாசிப்பாங்க. மத்தவங்க பாட்டுதான் எல்லாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொந்தம். பதினோரு நிமிஷப் பாட்டு. 1979 டிசம்பர்ல, சிங்கப்பூர்ல இருந்து யாரோ கொண்டுவந்த டூ-இன்-ஒன்ல ஒரு கேசட்டில அதைப் பதிவு பண்ணாங்க. ஒரே காப்பி.

1996. எனக்குப் பன்னிரண்டு வயசு. 'காதல் தேசம்' பாட்டு ரேடியோவில வருது. வீட்ல வெத்து கேசட் இல்ல. அலமாரியில பேர் எழுதாத ஒண்ணு இருந்தது. போட்டேன். பிளே, ரெக்கார்ட் ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன்.

கேசட் மேல் ஓரத்தில ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைச்சுவிட்டா அழிச்சு எழுத முடியாது. அப்பா உடைக்கல. ஏன் உடைக்கணும், அவருக்கு மட்டும்தானே அது தெரியும்?

அன்னைக்கு அவர் என்னைத் திட்டல. என்ன அழிச்சேன்னே எனக்கு இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும், அதுவும் அம்மா சொல்லி. அட்டாமிக் ஃபாரஸ்ட்டைக் கேட்டப்போ எனக்குப் பாட்டை விட அதிகமா அந்தக் கேசட் ஞாபகம்தான் வந்தது.

நேத்து ராத்திரி அப்பாகிட்ட இதைப் பத்தி முதல் தடவையா நேரடியாப் பேசினேன்.

"அன்னைக்கு ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா திரும்பி வருமா கண்ணு? அதுவுமில்லாம, அன்னைக்கு அந்தப் பாட்டுக்கு ஆடினவங்க ஆடிட்டாங்க. அதுக்குத்தானே வாசிச்சோம்."

அவர் சொன்னதை ராத்திரி முழுக்க யோசிச்சேன். அது நியாயம்தான். பம்பாய்லயும் அப்படித்தானே நடந்திருக்கும். கூட்டத்துக்கு முன்னாடி வாசிச்சதுதான் அட்டாமிக் ஃபாரஸ்ட். எல்பி அதுக்கப்புறம் வந்த ஒரு துண்டு. அந்தத் துண்டை வச்சு முழு பேண்டையும் எடை போடறது தப்பு. ஆனா அப்பா அந்த ராத்திரியில இருந்தார். நான் இல்ல. அவருக்கு அது போதும், எனக்குப் போதாது. ரெண்டு பேரும் சரின்னுதான் எனக்குத் தோணுது.

காலையில பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட ஒரு கிட்டார் வாங்கி அவர் கையில கொடுத்தேன். பாஸ் இல்ல, சாதா கிட்டார். எழுபது வயசு விரல். முதல் பகுதி கொஞ்சம் ஞாபகம் இருந்தது. தடுமாறி, திரும்ப ஆரம்பிச்சு, எட்டு பார் வாசிச்சார். நின்னுட்டார். "இதுக்கப்புறம் தாளம் மாறும். ஏழு ஏழா எண்ணுவோம். மெட்டு வரமாட்டேங்குது" அப்படின்னார். ஏழு ஏழா! இதைத்தானே மக்களே ப்ரோக்ங்கிறோம்?

மொத்தம் ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட். போன்ல எடுத்தேன். இந்த எபிசோட் முடிஞ்சதும் அதைப் போடறேன்.

அதுக்கு முன்னாடி வேலை கொடுக்கறேன். இந்த வாரம் ஊருக்குப் போறீங்கன்னா பரண்ல பாருங்க. பேர் எழுதாத கேசட் எதுவா இருந்தாலும் முதல்ல அந்த ரெண்டு பல்லையும் உடைங்க. நாடாவில வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா பிளேயர்ல போடாதீங்க, ஹெட்லயும் ஒட்டிக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். இந்த மாதிரி மலை ஊர்ல அது சகஜம், தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துச் சுத்தம் பண்ணுங்க. நல்லா இருந்தா, ஒரு தடவை முழுசா முன்னாடி பின்னாடி ஓட்டுங்க. ஹெட்ஃபோன் துளையில இருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள், ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள், அவ்வளவுதான் செலவு. எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலா வைங்க. ரெண்டு இடத்தில வைங்க. எல்பி இருந்தா, காய்ச்சி வடிச்ச தண்ணியில மெல்லிசுத் துணி நனைச்சு, கோட்டோட போக்கிலயே வட்டமாத் துடைங்க. பழைய 78 அரக்குத் தட்டுல மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைஞ்சிடும்.

ஃபைலுக்குப் பேர் வைங்க. யார் வாசிச்சது, எந்த ஊர், எந்த வருஷம். வீட்ல தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க.

இப்போ அப்பா. நடுவில நாய் குரைக்கும், மன்னிச்சுக்கோங்க.