அந்தரங்கமும் அரசின் பாதுகாப்புக் கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற சிறப்புக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"நம் செல்போனில் உள்ளதை அரசாங்கம் பார்க்க முடியுமா, பார்க்கலாமா?" என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்டதன் விளைவே இந்தக் கூட்டம். இவை இரண்டு கேள்விகள். பார்க்க முடியுமா என்பதற்குப் பொறியாளர் பதில் சொல்ல வேண்டும். பார்க்கலாமா என்பதற்குச் சட்டம் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதனால்தான் நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. "தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பது ஒன்று. "எல்லாமே நம்மைக் குறிவைத்துத்தான்" என்பது மற்றொன்று. இரண்டுமே சிந்திப்பதற்குச் சோம்பல்பட்டவர்களின் பேச்சு என்பது என் தாழ்மையான கருத்து.

மார்க்கத்தின் நிலையை ஆலிம்கள் விளக்குவதே முறை. ஆயினும் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டில் நுழைவதை அந்நூர் அத்தியாயம் தடுக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில் சுவரேறி ஒரு வீட்டினுள் இறங்கி, உள்ளே நடந்த தவற்றைக் கண்டித்ததாகவும், அவ்வீட்டுக்காரர், "நான் செய்த தவறு ஒன்று, துருவியதும், சுவரேறியதும், அனுமதியின்றி நுழைந்ததுமாகத் தாங்கள் செய்தவை மூன்று" என்று கூறியதாகவும், கலீஃபா அவரை விட்டுத் திரும்பியதாகவும் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹஜ்ரத் அவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஆள்பவரிடமும் இக்கேள்வியைக் கேட்கலாம் என்ற எண்ணம் நம் சமூகத்திற்குப் புதிதன்று என்பதற்காகவே குறிப்பிட்டேன். அதே மார்க்கம்தான் உயிரைக் காப்பதையும் ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அதையும் மறந்துவிடலாகாது.

இனி நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் ஆங்கிலேயர் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. சுதந்திர இந்தியாவில் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையா என்ற கேள்வி 1962-இல் கரக் சிங் வழக்கில் எழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கு ஒன்றில் ஆதாரமின்றி விடுவிக்கப்பட்டவர் அவர். அதன் பிறகும் காவலர்கள் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, இருக்கிறாரா என்று பார்த்துப் போனார்கள். இரவில் வீட்டுக்கு வருவது கூடாது என்றது உச்சநீதிமன்றம். ஆனால் அந்தரங்கம் என்றோர் உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. இந்த நிலை மாற 55 ஆண்டுகள் பிடித்தன. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்துடன், அது வரம்பற்ற உரிமையன்று என்றும் கூறியது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும். தலையீடு தேவைக்கு மேற்பட்டதாக இருக்கலாகாது. தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முறைகள் இருக்க வேண்டும். நம் உரையாடல் முழுவதற்கும் இதுதான் அளவுகோல்.

தொலைபேசி ஒட்டுக்கேட்பதில் இந்த அளவுகோலின் வேலையை அதற்கு முன்பே 1996 டிசம்பரில் ஒரு தீர்ப்பு செய்திருந்தது. பி.யு.சி.எல். அமைப்பு தொடுத்த வழக்கு அது. உள்துறைச் செயலாளர் நிலையில் உள்ளவரே உத்தரவிட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது, ஒரு மறுஆய்வுக் குழு ஒவ்வோர் உத்தரவையும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டது. பொது அவசரநிலை அல்லது பொதுமக்களின் பாதுகாப்பு, இவ்விரண்டில் ஒன்று கண்கூடாக இருந்தால் மட்டுமே ஒட்டுக்கேட்கலாம் என்பது 1885 சட்டத்தின் வாசகம். இது ஏட்டளவில் நின்ற விதியா என்றால், இல்லை. 2025 ஜூலை 2 அன்று நம் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கிற்காக 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. குற்றத்தைத் துப்புத் துலக்குவது மட்டுமே பொது அவசரநிலை ஆகிவிடாது, பொதுப் பாதுகாப்பும் ஆகிவிடாது, பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை என்பது அதன் முடிவு.

ஆனால் கணினிக்கும் இணையத்திற்கும் உரிய சட்டம் வேறு. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. அடுத்த மாதமே தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் 69-ஆம் பிரிவில் பொது அவசரநிலை என்ற அந்த முதல் வாசற்படி இல்லை. எந்தவொரு குற்றத்தின் புலன்விசாரணைக்காகவும் பார்க்கலாம், குறியீட்டைப் பிரித்துத் தரும்படி கேட்கலாம், உதவ மறுப்பவருக்கு ஏழாண்டுகள் வரை சிறை. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் இப்பிரிவின் கீழ் பத்து அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டது. ஒரு முக்கியமான செய்தி: இந்த வழிமுறை எதிலுமே உத்தரவிடும் இடத்தில் நீதிபதி கிடையாது. கேட்பவர் அதிகாரி, அனுமதிப்பவர் அதிகாரி, மறுஆய்வு செய்வோரும் அதிகாரிகளே. 2013-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதில் ஒன்றின்படி, மத்திய அரசு மட்டும் மாதந்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஒன்பதாயிரம் என்றால் நாளொன்றுக்கு முந்நூறு. உள்துறைச் செயலாளர் ஒருவர் தம் மற்ற வேலைகளுக்கிடையே முந்நூறு கோப்புகளைப் படித்து, இது தேவைதானா என்று எடைபோடுவது நடக்கிற காரியமா? பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்ட பிறகு ஒரு நீதித்துறை ஆணையரும் ஒப்ப வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் கருத்து. அரசைப் பலவீனப்படுத்தும் யோசனையன்று இது. நீதிபதி ஒப்பிய உத்தரவு நீதிமன்றத்தில் எளிதில் உடையாது.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மும்பைத் தாக்குதலின்போது பாகிஸ்தானில் இருந்துகொண்டு கொலையாளிகளை இயக்கியவர்களின் தொலைபேசி உரையாடல்களை நம் அதிகாரிகள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தனர். அது பின்னர் வழக்கில் முக்கியச் சான்றாயிற்று. 166 உயிர்கள் போன அந்த நாட்களில், ஒட்டுக்கேட்பதே கூடாது என்று யார் சொல்ல முடியும்? 1998 பிப்ரவரியில் கோவையில் 58 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளும் அதன் பின் நம் தெருக்கள் பட்ட பாடும் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வன்முறை நடந்தால் முதலில் சாவது அப்பாவிகள். அடுத்து சந்தேகத்தின் சுமையைச் சுமப்பது நம் பிள்ளைகள். ஆகவே அதைத் தடுப்பதில் நமக்குள்ள அக்கறை மற்ற எவருக்கும் குறைந்ததன்று.

ஆனால் எல்லாரையும் பார்ப்பதால் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறதா? அமெரிக்க அரசு தன் குடிமக்கள் அனைவரின் தொலைபேசி அழைப்பு விவரங்களையும் திரட்டி வந்ததை 2013-இல் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அந்நாட்டு அரசே அமைத்த மேற்பார்வைக் குழு 2014 ஜனவரியில் தந்த அறிக்கையில், பயங்கரவாதப் புலன்விசாரணை எதிலும் அத்திட்டம் முடிவை மாற்றியதற்கு ஓர் உதாரணம்கூட கிடைக்கவில்லை என்று எழுதியது. நியூயார்க் காவல்துறையில் ஒரு பிரிவு, முஸ்லிம்கள் எங்கே தேநீர் அருந்துகிறார்கள், எந்தக் கடையில் என்ன பேசுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தது. அதனால் ஒரு துப்புகூடத் தொடங்கவில்லை என்று அக்காவல்துறையின் உளவுப் பிரிவுத் தலைவரே 2012-இல் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கூறினார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்கு முன்பே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போயிருந்தது. காத்தான்குடி முஸ்லிம்களும் சஹ்ரானைக் குறித்து முன்னரே முறையிட்டிருந்தனர். தகவலுக்குப் பஞ்சமில்லை, அதன்மீது நடவடிக்கைதான் இல்லை. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் முன்னாள் அதிபர் சிறிசேனா 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது.

அடுத்து, இளைஞர்கள் அதிகம் கேட்ட வாட்ஸ்அப் விஷயம். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாத குறியாக்கம் அதில் 2016 முதல் முழுமையாக உள்ளது. ஒரு வதந்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டும் வசதி வேண்டும் என்பது அரசின் 2021 விதி. இந்த விவாதம் பெரிதானதே நம் சென்னை உயர்நீதிமன்றத்தில்தான். சமூக வலைத்தளக் கணக்குகளுடன் ஆதாரை இணைக்கக் கோரிய வழக்கில், முதல் அனுப்புநரைக் கண்டறிவது இயலும் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி அறிக்கை தந்தார். மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். வதந்தியால் உயிர்கள் போன நாட்டில் அரசின் கவலை பொய்யன்று. இருந்தும், நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு என்று ஒன்றைச் செய்ய முடியவில்லை என்பதுதான் அனுபவம். கிரேக்க நாட்டின் தொலைபேசி நிறுவனம் ஒன்றில், காவல்துறைக்காக வைக்கப்பட்டிருந்த ஒட்டுக்கேட்பு வசதியை யாரோ 2004-இல் கள்ளத்தனமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரின் பேச்சைப் பல மாதங்கள் கேட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், சீனாவைச் சேர்ந்த ஊடுருவல்காரர்கள் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒட்டுக்கேட்பதற்கான அமைப்பையே எட்டினர். விளைவு என்ன தெரியுமா? 2016-இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு கொலையாளியின் போனைத் திறந்துதர வேண்டும் என்று வழக்காடிய அதே எஃப்.பி.ஐ., குறியாக்கமுள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது.

பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில், தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலே நீதிமன்றம் கேள்வி கேட்காமல் ஒதுங்கிவிடாது என்று 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறியது. அது அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு தெரிவித்தது. இவ்வளவே தெரிந்தது. இதற்கு மேல் மேடைகளில் பேசப்படுபவை ஊகங்கள்.

அரசை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது. 2020 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தொழுகை நேரத்திற்கும் கிப்லாவிற்கும் பயன்படுத்திய முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து இருப்பிட விவரங்கள் எக்ஸ்மோட் என்ற தரகு நிறுவனத்திற்குச் சென்றன என்றும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்திற்கு ஒப்பந்தப் பணி செய்வோரும் இருந்தனர் என்றும் தெரியவந்தது. செயலியை நடத்தியோர் அத்தொடர்பை முறித்துக் கொண்டனர். இங்கே ஒட்டுக்கேட்பு உத்தரவும் இல்லை, உள்துறைச் செயலாளரும் இல்லை. நாமே "அனுமதி" என்று தொட்டது கடைச்சரக்காகி விற்கப்பட்டது. பாங்கு நேரம் காட்டும் செயலிக்கு ஊரின் பெயர் தெரிந்தால் போதும். தெருவும் வீடும் எதற்கு? இன்றே உங்கள் போனின் அமைப்பில் போய்ப் பாருங்கள்.

கடைசியாக நம் சொந்த வீட்டைப் பற்றி. நம் அலுவலகத்தில் தலைக்கட்டுப் பதிவேடு, நிக்காஹ் பதிவேடு, தலாக் மற்றும் குடும்பப் பஞ்சாயத்துக் குறிப்புகள், பைத்துல்மால் உதவி பெற்றோர் பட்டியல் ஆகியவை உள்ளன. ஒரு விதவைத் தாய் மாதந்தோறும் உதவி பெறுகிறார் என்பது அவருடைய அந்தரங்கம். அப்பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நாம் அரசிடம் எதை வேண்டாம் என்கிறோமோ அதையே நாம் செய்வதாகும். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றப்போவதாகச் செயலாளர் சொன்னார். நல்ல பணி. ஆனால் ஏற்றிய பின் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்குத் தேசப் பாதுகாப்பின் பெயரால் முழு விலக்கு அளித்துக்கொள்ள அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜமாஅத்துகளுக்கு அத்தகைய விலக்கு ஏதும் இல்லை என்பதை மட்டும் இப்போது நினைவில் கொள்ளுங்கள்.

அதிகாரி ஒருவர் வந்து பதிவேட்டையோ கேமராப் பதிவையோ கேட்டால் என்ன செய்வது? மரியாதையாக அமர வையுங்கள். எழுத்து வடிவில் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துபூர்வ உத்தரவின் மூலமே ஆவணங்களைக் கேட்க வழிசெய்கிறது. மின்னணுச் சாதனங்களும் அதில் அடங்கும். உத்தரவில் எந்த நாளின் பதிவு, யாரைப் பற்றியது என்று உள்ளதோ அதை மட்டும் கொடுங்கள். நகல் எடுத்துக் கொண்டு ஒப்புகை பெறுங்கள். சோதனையிட்டுக் கைப்பற்றினால், 105-ஆம் பிரிவுப்படி அதை ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலும் தயாரிக்க வேண்டும். போனின் கடவுச்சொல்லைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே கருத்தில் இல்லை. ஆகவே அப்படிக் கேட்கப்படும் பிள்ளை, வாதாடவோ எதையும் அழிக்கவோ முற்படாமல், வழக்கறிஞருடன் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். அழிப்பது தனிக் குற்றமாகிவிடும்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு கோரிக்கை வைத்து அமர்கிறேன். பதிவேடுகளின் நகலை யார் கொடுக்கலாம், யாருடைய கையொப்பத்தோடு, கேமராப் பதிவு எத்தனை நாட்களுக்குப் பின் அழியும் என்பதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி, மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். அதன் நகலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். வஸ்ஸலாம்.